படம் ஏன் கெட்டது? தொடக்க நிலைப் புகைப்படக்காரர் அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் அனைவருக்கும் வரும் ஏமாற்றம் ஒன்றுதான். கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்த காட்சி, திரையில் பார்க்கும்போது மங்கலாகவோ வெளிறிப்போயோ உயிரில்லாமலோ இருக்கிறது. உடனே படத்தை அழித்துவிடுகிறார்கள்; இதைவிட நல்ல கேமரா இருந்திருந்தால் சரியாக வந்திருக்கும் என்றும் எண்ணத் தொடங்குகிறார்கள். ஆனால் கெட்டுப்போன படம் ஒவ்வொன்றிலும், அது ஏன் கெட்டது என்பதற்கான தடயம் இருக்கிறது. அந்தத் தடயத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டு, அதற்குரிய சிறு பயிற்சியை அன்றாடம் செய்துவந்தால், கையில் இருப்பது கைபேசியாகவே இருந்தாலும், படங்கள் சில வாரங்களிலேயே தேறுவதைப் பார்க்க முடியும்.

தேடலைத் தொடங்குமுன் மூன்று ஏற்பாடுகள் தேவை. கெட்ட படங்களை அன்றே அழிக்காமல் ‘பிழைகள்’ என்று ஒரு தனிக் கோப்புறையில் போட்டு வையுங்கள். படத்தைச் சிறியதாகப் பார்த்து முடிவு கட்டாமல், முழு அளவுக்குப் பெரிதாக்கி, முக்கியமான இடம் எதுவோ அங்கே பாருங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு படத்துடனும் பதிவாகியிருக்கும் ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (பதிவான ஒளியைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்னும் எண்), லென்ஸின் குவியத் தூரம் (லென்ஸ் எவ்வளவு அகலமாக அல்லது நெருக்கமாகப் பார்க்கிறது என்பதைக் காட்டும் அளவு) ஆகிய நான்கு எண்களையும் படியுங்கள். கேமராவின் திரையிலும் கைபேசியின் ‘விவரங்கள்’ பகுதியிலும் இவை கிடைக்கும். சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; பலவற்றைச் சேர்த்து மாற்றினால் படம் திருந்தினாலும் எதனால் திருந்தியது என்பது தெரியாமலே போய்விடும்.

அறிகுறி: படம் மங்கலாக இருக்கிறது

மிக அதிகமாகக் கேட்கப்படும் குறை இதுதான். மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. மங்கல் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம் என்றாலும் அதற்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. ஆகவே படத்தைப் பெரிதாக்கி, எது மங்கியிருக்கிறது, எது மங்கவில்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டது போல இருந்து, சிறு வெளிச்சப் புள்ளிகள்கூடக் கோடுகளாக மாறியிருந்தால், அசைந்தது உங்கள் கை. லென்ஸின் குவியத் தூரம் எவ்வளவோ, ஷட்டர் வேகம் அதன் கீழ்க்கூறுக்குக் குறையக்கூடாது என்பது பழைய கணக்கு: 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1/50 நொடி, 200 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1/200 நொடி. இது முழு அளவு சென்சாருக்கான, அதாவது பழைய ஃபிலிம் சட்டகத்தின் அளவே உள்ள ஒளி உணரிக்கான, கணக்கு. தொடக்க நிலைக் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் சிறிய சென்சாருக்குக் குவியத் தூரத்தை ஏறத்தாழ ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அப்படியானால் அதே 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1/80 நொடி தேவைப்படும். இந்தக் கணக்கு ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒவ்வொருவர் கையின் நிதானமும் வேறு. உங்கள் கையின் எல்லையை அறிய, எழுத்துகள் உள்ள ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, 1/125, 1/60, 1/30, 1/15 என ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படங்கள் எடுத்து, எத்தனை படங்களில் எழுத்து தெளிவாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்தில் எட்டுப் படங்களாவது தெளிவாக வரும் மிகக் குறைந்த வேகமே உங்கள் எல்லை. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை மெல்ல விட்டு முடிக்கும் தறுவாயில், பொத்தானைக் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் மெதுவாக அழுத்தும் பழக்கம் வந்துவிட்டால், அந்த எல்லை மாதத்துக்கு மாதம் கீழே இறங்குவதைப் பார்க்கலாம்.

பின்னால் உள்ள சுவரும் கதவும் தெளிவாக இருந்து, ஆள் மட்டும் மங்கியிருந்தால், அசைந்தது ஆள். இந்த இடத்தில்தான் பலர் முக்காலி வாங்குகிறார்கள். முக்காலியோ லென்ஸில் உள்ள அதிர்வுக் கட்டுப்பாடோ ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. ஷட்டர் வேகம் ஒன்றுதான் நிறுத்தும். நடப்பவருக்கு 1/250, ஓடி விளையாடும் குழந்தைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/1000 அல்லது அதற்கு மேல் என்று வைத்துத் தொடங்குங்கள். வெளிச்சம் போதாமல் அந்த வேகம் எட்டவில்லை என்றால், அசைவு ஒரு கணம் நிற்கும் இடத்துக்காகக் காத்திருக்கலாம். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் அது ஏறத்தாழ நின்றுவிடுகிறது. துள்ளிக் குதிப்பவரின் உடலும் உச்சியில் அப்படியே.

மூன்றாவது வகையில், படத்தில் ஏதோ ஓர் இடம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது நீங்கள் நினைத்த இடமாக இருக்காது. நான் 50 மில்லிமீட்டர் லென்ஸை வாங்கிய புதிதில், வீட்டுப் பெரியவர் ஒருவரை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எஃப் 1.8 அப்பர்ச்சரில் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) எடுத்தேன். சிறிய திரையில் பார்த்தபோது மிகச் சிறந்த படமாகத் தெரிந்தது. கணினியில் பெரிதாக்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது: காதில் இருந்த தோட்டின் கல் ஒவ்வொரு பட்டையும் தெரியும்படி கூர்மையாக இருந்தது, காதோர நரைமுடி ஒவ்வொன்றையும் எண்ணலாம் போல இருந்தது, கண் இமைகளோ பஞ்சு போலக் கரைந்திருந்தன. கருவி சரியாகத்தான் வேலை செய்திருந்தது. ஒரு மீட்டர் தூரத்தில் அந்த லென்ஸ் அந்த அப்பர்ச்சரில் தெளிவாகக் காட்டும் ஆழம் முழு அளவு சென்சாரில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர்தான். கண்ணுக்கும் காதுக்கும் இடையே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம் இருக்கிறது. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விட்டிருந்தேன். அது மினுங்கிய தோட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

இதற்கான திருத்தம் எளியது. ஃபோகஸ் புள்ளியை ஒற்றைப் புள்ளியாக மாற்றி, அதை நமக்கு அருகில் இருக்கும் கண்ணின்மேல் நீங்களே வையுங்கள். கண்ணைக் கண்டறியும் வசதி கேமராவில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். அப்பர்ச்சரை எஃப் 4 வரை குறுக்கினால் தெளிவின் ஆழம் அதே தூரத்தில் ஒன்பது சென்டிமீட்டரை ஒட்டி வரும். முகத்துக்கு அது பெரும்பாலும் போதும். வெறும் சுவர், ஒரே நிறத் துணி, இருட்டு மூலை போன்றவற்றில் கேமரா ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் அலைவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு இல்லை. அதே தூரத்தில் உள்ள ஒரு விளிம்பில் ஃபோகஸ் செய்துவிட்டு, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே சட்டகத்தைத் திருப்புங்கள். பொருளுக்கு மிக அருகில் போய்விட்டாலும் ஃபோகஸ் பிடிக்காது. லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைந்தபட்சத் தூரம் உண்டு.

நான்காவது வகை கைபேசிகளில் மிகுதி. படம் முழுவதும் மெல்லிய மூட்டம் போட்டது போல இருக்கும். விளக்குகளிலிருந்து நீண்ட கீற்றுகள் கிளம்பும். லென்ஸின்மேல் விரல் பிசுக்கு படிந்திருக்கிறது, அவ்வளவுதான். மென்மையான சுத்தமான துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். இதை ஒவ்வொரு நாளும் முதல் படத்துக்கு முன் செய்யும் வழக்கமாக்கிக்கொண்டால் இந்தக் குறையை அடியோடு மறந்துவிடலாம்.

அறிகுறி: படம் இருண்டோ வெளிறியோ வருகிறது

கேமரா தானாக வெளிச்சம் அளக்கும்போது, எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அதற்குத் தெரியாது. காட்சி சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று எண்ணி அளவைக் கணக்கிடும்படியே அந்த அளவுமானி அமைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை உடையில் நிற்பவரை எடுத்தால் அத்தனையும் அழுக்குச் சாம்பலாக வருவதும், கறுப்பு நாயை எடுத்தால் அது வெளிறிப்போய் வருவதும், வானத்துக்கு எதிரே நிற்பவரின் முகம் நிழலுருவமாகிவிடுவதும் இதனால்தான்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கூட்டவும் குறைக்கவும் கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். கைபேசியில் திரையைத் தொட்டதும் பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுக்கலாம். வெள்ளை மிகுந்த காட்சிக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் படி (ஒரு படி என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்ட வேண்டும். கறுப்பு மிகுந்த காட்சிக்கு அதே அளவு குறைக்க வேண்டும். வெள்ளை மிகுந்தால் கூட்டுவது பலருக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது. அதனால் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கையால் செய்து பார்ப்பது மேல்: ஒரு வெள்ளைத் துணியையும் ஒரு கறுப்புத் துணியையும் ஒரே சன்னலருகே விரித்து, ஒவ்வொன்றையும் சட்டகம் நிறைய எடுத்துப் பாருங்கள். இரண்டு படங்களும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் வரும். அதைக் கண்ணால் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

கேமராத் திரையை நம்பி வெளிச்சத்தை முடிவு செய்யாதீர்கள். இரவில் அதே திரை கண்ணைக் கூசும்; வெயிலில் எதுவுமே தெரியாது. ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடம் பொய் சொல்வதில்லை. அதன் இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டுகின்றன. வரைபடம் வலது ஓரச் சுவரில் முட்டிக் குவிந்து நின்றால், அந்தப் பகுதிகள் விவரம் ஏதுமற்ற வெறும் வெள்ளையாகிவிட்டன என்று பொருள். டிஜிட்டல் படத்தில் அப்படி எரிந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிழலிலிருந்து ஓரளவாவது விவரத்தை வெளியே கொண்டுவரலாம். ஆகவே ஐயம் இருந்தால் கொஞ்சம் இருட்டாக எடுப்பதே பாதுகாப்பு. சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ராவ் கோப்பாகச் சேமித்தால் திருத்துவதற்கு இடம் கூடும்: ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான் இருக்கின்றன, 14 பிட் ராவ் கோப்பில் 16,384 இருக்கின்றன.

திடீரென்று எல்லாப் படங்களுமே ஒரே அளவில் இருண்டோ வெளிறியோ வந்தால், வேறெதையும் ஆராயுமுன் அந்தக் கூட்டல் கழித்தல் அளவைப் பாருங்கள். நேற்று மாலை ஏதோ ஒரு படத்துக்காக வைத்தது இன்றும் அப்படியே இருக்கும். கேமராவைப் பையில் வைக்குமுன் எக்ஸ்போஷர் பூஜ்யம், ஐஎஸ்ஓ தானியங்கி, ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைத் திருத்தும் அமைப்பு) தானியங்கி என்று மூன்றையும் பழைய நிலைக்குத் திருப்பும் பழக்கம் பத்து நொடிக் காரியம். அது காப்பாற்றும் படங்கள் மிகப் பல.

அறிகுறி: மணல் தூவியது போலப் புள்ளிகள்

ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்தினால் புள்ளிகள் கூடும் என்று கேள்விப்பட்டுவிட்டு, எந்த நிலையிலும் 400-ஐத் தாண்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புள்ளிகளுக்கு மூலகாரணம் சென்சாருக்குப் போதிய வெளிச்சம் போய்ச் சேராதது. ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு மென்பொருளில் வெளிச்சத்தைத் தூக்கினால், நிழல் பகுதிகளில் புள்ளிகள் இன்னும் அசிங்கமாகக் கிளம்புவதே வழக்கம். தேவைக்கேற்ப 1600-ஓ 3200-ஓ வைத்து, எடுக்கும்போதே சரியான வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. புள்ளிகள் உள்ள கூர்மையான படத்தை மென்பொருளில் தேற்றிவிடலாம். கையசைந்து மங்கிய படத்தை முழுமையாகத் தேற்றுவது மிகக் கடினம்.

தானியங்கி ஐஎஸ்ஓ உள்ள பல கேமராக்களில், அதற்குரிய மிகக் குறைந்த ஷட்டர் வேகத்தையும் நீங்களே குறித்துக் கொடுக்க முடியும். முன்னே சொன்ன சோதனையில் கண்டறிந்த உங்கள் கையின் எல்லையை அங்கே கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: நிறம் சரியில்லை

வீட்டுக்குள் எடுத்தால் மஞ்சள், நிழலில் எடுத்தால் நீலம். ஒளிக்கு நிறம் உண்டு என்பதை நம் கண் மறைத்துவிடுகிறது, கேமரா மறைப்பதில்லை. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு; எண் கூடினால் நீலம் கூடும்), பழைய இழை பல்பு 2800-ஐ ஒட்டி, திறந்த நிழல் 7000-க்கு மேல். தானியங்கி ஒயிட் பேலன்ஸ் தடுமாறும் இடத்தில், வெயில், நிழல், பல்பு என்று அதில் உள்ள தயார் அமைப்புகளில் பொருத்தமானதை நீங்களே தேர்ந்தெடுங்கள். முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வந்தால் எந்த அமைப்பும் உதவாது, ஏனென்றால் சன்னல் ஒளியும் விளக்கொளியும் கலந்திருக்கின்றன. விளக்கை அணைத்துவிடுங்கள், அல்லது திரைச்சீலையை மூடுங்கள்.

எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் கருமையான பட்டைகள் ஓடுவது வேறு கோளாறு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 ஆக்கினால் பட்டைகள் பெரும்பாலும் மறையும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120. ஓசையில்லாத மின்னணு ஷட்டர் இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தி, வழக்கமான ஷட்டருக்கு மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: முகம் முகமாக இல்லை

‘நான் இப்படியா இருக்கிறேன்’ என்று படத்தைப் பார்த்து ஒருவர் கேட்டால், அவர் சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கிறது. மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரிந்தால், நீங்கள் மிக அருகில் நின்றிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காது, மூக்கின் நுனியிலிருந்து 12 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூக்கின் நுனிக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் கேமரா இருந்தால் காது 42 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே காதோடு ஒப்பிடும்போது மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகிறது. ஒன்றரை மீட்டர் பின்னால் போய்விட்டால் இந்த விகிதம் 150-க்கு 162, அதாவது 1.08 மடங்குதான், அந்த வேறுபாடு கண்ணில் படாது. கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணத்தைப் பார்ப்பதாக இருப்பதால், முகம் சட்டகத்தை நிறைக்க வேண்டுமென்று நம்மையறியாமல் கிட்டே போய்விடுகிறோம். ஒன்றரை மீட்டர் பின்வாங்கி, இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். முகத்தின் அமைப்பைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம்; ஜூம் அந்தத் தூரத்திலிருந்து தெரிவதைப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவே.

கண்குழிகள் கறுத்தும் மூக்கின் கீழே கூரிய நிழல் விழுந்தும் இருந்தால், ஒளி உச்சியிலிருந்து வருகிறது. அது நண்பகல் சூரியனாகவோ கூரையில் உள்ள விளக்காகவோ இருக்கலாம். ஆளை நிழலின் ஓரத்துக்கு நகர்த்தி, திறந்த வெளியைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் என்றால் சன்னலருகே, ஒளி பக்கவாட்டில் விழும்படி நிற்கவைத்து, முகத்தை மெல்ல மெல்லச் சன்னல் பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கண்களிலும் சன்னலின் சிறு வெள்ளைப் பிரதிபலிப்பு எப்போது தோன்றுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி இல்லாத கண் படத்தில் உயிரற்றுத் தெரிகிறது. அதற்காக ஒருவரை அரையடி திருப்பி நிற்கவைக்கத் தயங்க வேண்டியதே இல்லை.

கேமராவிலேயே உள்ள ஃப்ளாஷ் முகத்தை வெளிறவைத்துப் பின்னணியைக் கறுப்பாக்கினால் வியப்பில்லை. தூரம் இரு மடங்கானால் அதன் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். முகத்துக்குப் போதுமானது சுவருக்குப் போதாது. அதை அணைத்துவிட்டுச் சன்னலைத் தேடுங்கள்.

அறிகுறி: குறை ஒன்றும் இல்லை, ஆனாலும் படம் ஈர்க்கவில்லை

கூர்மை இருக்கிறது, வெளிச்சம் சரி, நிறம் சரி. இருந்தும் பார்ப்பவர் அரை நொடியில் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். என்னைப் பொறுத்தவரை புகைப்படம் கற்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இதற்குமுன் சொன்னவை அனைத்தும் கருவியைப் பற்றியவை. இனிச் சொல்வது பார்வையைப் பற்றியது.

முதலில் சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் பாருங்கள். ஆளின் தலையிலிருந்து கம்பம் முளைத்திருக்கிறதா? ஒரு மூலையில் பாதி செருப்பும் பாதி வாளியும் எட்டிப் பார்க்கின்றனவா? தொடுவானம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? எடுக்கும் நேரத்தில் நம் கண் விரும்பிய பொருளின்மேல் மட்டுமே பதிந்திருப்பதால் இவை தெரிவதில்லை. பொத்தானை அழுத்துமுன் கண்ணை ஓரங்களில் ஒரு சுற்றுச் சுற்றிவரப் பழக்குங்கள். ஒரு விநாடிகூட ஆகாது. இதே பழக்கத்தைக் கேமரா இல்லாமலும், நடக்கும்போதும் காத்திருக்கும்போதும், எதிரே உள்ள காட்சியைச் சட்டகமாக எண்ணிக்கொண்டு செய்து பார்க்கலாம்.

அடுத்து, உங்கள் ‘பிழைகள்’ கோப்புறையை விரித்துப் பாருங்கள். அநேகமாக எல்லாப் படங்களும் நிற்கும் ஆளின் கண் உயரத்தில், பொருளை முதலில் கண்ட அதே இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். எல்லோரும் நாள் முழுதும் பார்க்கும் உயரம் அதுதான். குழந்தையை எடுக்க வேண்டுமானால் மண்டியிடுங்கள். பூவை எடுக்க வேண்டுமானால் தரையோடு தரையாகக் குனிந்து, வானம் அதன் பின்னணியாக வரும்படி பாருங்கள். அதன் பிறகு ஓரடி முன்னே போங்கள். பொருளைச் சுற்றி ஒரு சுற்று நடந்து, ஒளி அதன் முன்னால் விழுவதையும் பக்கத்தில் விழுவதையும் பின்னாலிருந்து ஊடுருவுவதையும் கவனியுங்கள்.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் பயிற்சி ஒன்று இருக்கிறது. தண்ணீர் நிறைந்த ஒரு கண்ணாடிக் குவளையைச் சன்னலோர மேசையில் வையுங்கள். அதை நகர்த்தாமல் காலை, நண்பகல், பிற்பகல், அந்தி என நான்கு வேளைகளில் ஐந்தைந்து படங்கள் எடுங்கள். நான் முதல்முறை செய்தபோது, காலையில் சாய்வாக வந்த வெயில் தண்ணீருக்குள் புகுந்து மேசைமேல் நெளியும் ஒளித்திட்டு ஒன்றை விரித்தது. குவளையைவிட அந்தத் திட்டே அழகாக இருந்தது. நண்பகலில் வெயில் சன்னலைவிட்டு விலகிப்போய், குவளை இருப்பதே தெரியாத அளவுக்கு எல்லாம் தட்டையாகிவிட்டது. பிற்பகலில் கண்ணாடியின்மேல் காலையில் பிடித்த விரல்களின் ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அந்தியில் குவளை கறுத்து, அதன் விளிம்பு மட்டும் ஒரு நீல வளையமாக நின்றது. பொருள் ஒன்றுதான், நின்ற இடமும் ஒன்றுதான். நான்கு படங்களும் நான்கு விதம். என்ன பொருளை எடுப்பது என்று அலைந்துகொண்டிருந்த நான், எந்த ஒளியில் எடுப்பது என்று கேட்கத் தொடங்கியது அன்றுதான்.

இன்னொரு பயிற்சி: ஒரு மாதம் ஒரே குவியத் தூரத்தில் மட்டும் எடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் 35 அல்லது 50 மில்லிமீட்டரில் நிறுத்தி, வளையத்தின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசான் தம் படங்களில் பெரும்பகுதியை 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைக் கொண்டே எடுத்தவர். ஒரே லென்ஸில் பழகும்போது, கேமராவைத் தூக்குமுன்னே சட்டகத்துக்குள் எது வரும், எது வராது என்று கண் சொல்லிவிடுகிறது. கால்கள் தாமாகவே சரியான இடத்துக்கு நகரத் தொடங்குகின்றன.

அறிகுறி: படங்கள் காணாமல் போகின்றன, புள்ளிகள் தோன்றுகின்றன, லென்ஸ் பனிக்கிறது

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மெமரி கார்டிலிருந்து படங்களைக் கணினிக்கு மாற்றியபின், அவை திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். முக்கியமான படங்களுக்கு மூன்று நகல்கள், இருவகைச் சேமிப்புகளில், ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான கரும்புள்ளி இருந்தால் அது சென்சாரில் விழுந்த தூசி. எஃப் 16-இல் தெளிந்த வானத்தை எடுத்துப் பார்த்தால் அத்தனை தூசியும் தெரியும். குளிரூட்டிய அறையிலிருந்து ஈரமான வெப்பக்காற்றுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் பனிக்கும். துடைக்காமல், மூடிய பையிலேயே அரைமணி நேரம் விட்டுவையுங்கள்.

அறிகுறி: மாதங்கள் ஆகியும் முன்னேற்றம் தெரியவில்லை

வாரக் கடைசியில் ஒரே நாளில் ஐந்நூறு படங்கள் எடுத்துவிட்டு, அடுத்த ஆறு நாள்கள் கேமராவைத் தொடாமல் இருப்பவர்களிடம் இந்தக் குறை மிகுதி. நாளுக்குப் பதினைந்து நிமிடம், அதிகம் போனால் இருபது படங்கள் என்று எடுத்துப் பாருங்கள். விரல்கள் பொத்தான்களைப் பார்க்காமலே தேடிப் பிடிக்கும் பழக்கம் தொடர்ச்சியால் மட்டுமே வரும். அது வராதவரை நல்ல கணம் வரும்போதெல்லாம் பார்வை கேமராவின்மேல்தான் இருக்கும்.

அன்று எடுத்தவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அது ஏன் மற்றவற்றைவிட மேல் என்று ஒரு முழு வாக்கியத்தில் எழுதி வையுங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்பது வாக்கியமாகாது. ‘ஒளி இடப்பக்கத்திலிருந்து வந்ததால் கன்னத்தின் சுருக்கங்கள் தெரிகின்றன’ என்பதே வாக்கியம். இருபதில் ஒன்றைத் தேர்வது, எடுப்பதைவிடக் கடினமான வேலை என்று முதல் வாரத்திலேயே தெரியவரும். எடுத்த சூட்டில் தேராமல் மறுநாள் தேருங்கள். எடுத்தபோது இருந்த மகிழ்ச்சி படத்தின்மேல் ஒட்டிக்கொண்டு நம் கண்ணை மறைக்கிறது.

பிழைகளைத் திருத்துவதிலும் ஒரு வரிசை வேண்டும். வாரத்தின் தொடக்கத்தில் ‘பிழைகள்’ கோப்புறையைத் திறந்து, எந்த அறிகுறி அதிகப் படங்களில் இருக்கிறது என்று எண்ணுங்கள். முப்பதில் பதினெட்டு படங்கள் கையசைவால் மங்கியிருந்தால், அந்த வாரம் நிறத்தையும் சட்டகத்தையும் மறந்துவிட்டு, ஷட்டர் வேகத்தை மட்டும் கவனியுங்கள். அடுத்த வாரம் மறுபடி எண்ணுங்கள். பதினெட்டு ஆறாகக் குறைந்திருந்தால் இரண்டாவது குறைக்குப் போகலாம். குறையவில்லை என்றால், மங்கலின் நான்கு வகைகளில் நீங்கள் பிரித்தது சரிதானா என்று முதலிலிருந்து பாருங்கள். பதிவாகியிருக்கும் ஷட்டர் வேகம் 1/250 என்று இருந்தும் படம் மங்கியிருந்தால், கையைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு ஃபோகஸ் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள்.